இடது கையைப் பாக்கெட்டில் வைத்த கச்சேரி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் மெல்லிசைக் குழுத் தலைவரும் கீபோர்டு வாசிப்பவருமான வேதகிரி, சுழலும் ஸ்டூலில். பாடகி கஸ்தூரி, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிரம்ஸ் தானியேல், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல். பேஸ் கிட்டார் நந்தகுமார், தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல். செயலாளரும் மரக்காஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்குகிறவனுமான வெங்கடேசனாகிய நான் வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. இடம், உத்திரமேரூர் பஜாரில் வேதகிரியின் செல்போன் கடை மாடி. பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. நந்தகுமார் குழுவில் இருப்பதா, போவதா.

பேஸ் கிட்டார் எது என்று பலருக்குத் தெரியாது. மேடையில் நாலு தடித்த கம்பியோடு ஓரமாக ஒருவன் நிற்பான். அவன் வாசிப்பது காதில் விழாது, வயிற்றில் விழும். பாட்டு ஒரு வீடு என்றால் அவன் கடக்கால், மண்ணுக்குள் கிடக்கிற அஸ்திவாரம். கடக்கால் சும்மா கிடக்க வேண்டும் என்பது வேதகிரியின் கட்சி. தாளம் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று ஒரு சுற்று போனால், அந்த ‘ஒன்று’க்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். நந்தகுமாரோ ஒன்றில் கிளம்புவான், ஏறுவான், இறங்குவான், பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பான், எங்கேயோ போய்விட்டான் என்று நாம் நினைக்கும்போது அடுத்த ஒன்றில் வந்து நிற்பான். இதை ஒரு பாட்டு முழுக்கச் செய்வான். எல்லாப் பாட்டிலும் செய்வான்.

வேதகிரி செல்போனை எடுத்து, தாமல் திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோவை ஓட்டிக் காட்டினார். அதில் பாட்டு கேட்டது, கீபோர்டு கேட்டது, பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியில் விரல் படுகிற சத்தம் மட்டும் தகரத்தில் கோழி கொத்துவது மாதிரி கேட்டது. செல்போன் ஸ்பீக்கரில் கீழ் சுரம் வராது என்பது செல்போன் கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்குத் தெரிந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கஸ்தூரியின் கருத்து கேட்கப்பட்டது. தையல் கடை வைத்திருப்பவர், அளந்துதான் பேசுவார். தனக்கு அவனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றும், தான் பாடும்போது அவன் வாசிப்பது தனக்குக் கேட்பதே இல்லை என்றும் சொன்னார். அவனுக்கு ஆதரவாகத்தான் சொன்னார். வேதகிரி அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கேட்கவே இல்லையென்றால் அவ்வளவு வாசிப்பு எதற்கு என்றார். தானியேல், நந்தா வாசித்தால் தன் கால் தானாக டிரம்மில் போகிறது என்று சொல்லிப் பார்த்தான். கால் உன்னுது, அதை நீதான் பாத்துக்கணும் என்று அவனும் உட்கார வைக்கப்பட்டான்.

முடிவு இப்படி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காவாந்தண்டலத்தில் வீராசாமி வீட்டுக் காதணி விழா. அதில் நந்தகுமார் சுற்றுக்கு ஒரே தட்டு வாசிக்க வேண்டும். கூட ஒன்று தட்டினாலும் நீக்கல் கடிதம்.

நந்தகுமார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து எழுந்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், விரல்கள் சும்மா இருக்கும்போதும் தொடையில் எதையோ சுற்றிக்கொண்டிருக்கும்.

“அண்ணா, சுத்துக்கு ஒன்னு தட்றதுக்கு நான் எதுக்கு? ஒரு பம்பு செட்டக் கொண்டாந்து மேடையில வெச்சுக்கங்க. மத்த நாள் பூரா நான் காயில் சுத்திக்கினு கீறதே இந்த ஒரு நாளுக்காகத்தான்.”

“பம்பு செட்டு எதிர்த்துப் பேசாது, நைனா,” என்றார் வேதகிரி.

கூட்டம் கலைந்தது.

கடிதம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் யாரையாவது நீக்குவதென்றால் தபாலில்தான் நீக்குவோம். முன்பு ஒரு டிரம்பெட்காரரை டீக்கடையில் வைத்து வாயால் நீக்கி, அவர் டிரம்பெட்டாலேயே பதில் சொல்ல, பாய்லர் கவிழ்ந்து, பெரிய பேஜாராகிவிட்டது. அதிலிருந்து இது விதி. தபாலில் வருவதை ஆள் வீட்டில் உட்கார்ந்து படிப்பான்; அடிக்க வேண்டுமென்று தோன்றினாலும் பஸ் பிடித்து வருவதற்குள் ஆறிவிடும். ஆகவே நான் சனிக்கிழமையே கடிதத்தை எழுதி, உறையில் நந்தகுமார் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டி, வாயை மட்டும் ஒட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எழுத வேண்டியதை முன்கூட்டி எழுதி வைப்பது என் வழக்கம்.

ஞாயிறு காலை நான் போட்டிருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. குட்டியானை மினி லாரியில் சாமான்களோடு சாமானாக உட்கார்ந்து காவாந்தண்டலம் போகும் வழியெல்லாம் நந்தகுமார் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தான். குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது, துணி வழியாக அவன் பெயர் பளிச்சென்று தெரிந்தது. மரக்காஸை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது சலக் சலக் என்றது.

வீராசாமி பந்தல் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் உள்ளவர், சாதாரணமாக நிதானமானவர், அன்று வியர்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளின் தாய்மாமன், அதாவது அவர் மச்சான் சுப்பிரமணி, பழையசீவரத்திலிருந்து பேண்டு வாத்தியத்தோடு சீர் கொண்டு வர வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. மாமன் வந்து நிற்கும்போது பந்தலில் ஒரு எச்சில் இலை கிடந்தாலும் போச்சு. சீர்த்தட்டோடு வந்த வழியே திரும்பிவிடுவார், அப்புறம் பேரப்பிள்ளை காலத்திலும் அந்தப் பேச்சு தீராது. மாமன் வண்டியோ வழியில் பஞ்சர். வாலாஜாபாத்தைக்கூடத் தாண்டவில்லை என்று போன் வந்திருக்கிறது.

“பாட்டு நல்லா கீதோ இல்லயோ, மாமன் வர வரைக்கும் ஒரு ஜனம் நாற்காலிய வுட்டு எழுந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டது,” என்றார்.

மேடைக்கு வலப்பக்கம் சமையல் பந்தல். ராணியம்மாள்தான் சமையல் கான்ட்ராக்ட். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. அவ்வளவு பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி வேகும்போது, எதிரே ஆயிரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து எழுந்திருக்காதே என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சாமி பாட்டில் தொடங்கினோம். நந்தகுமார் கூட்டத்து முடிவை மீறவில்லை. ஒன்றுக்கு ஒரு தட்டு. முகத்தில் ஒன்றும் இல்லை, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் மாதிரி நின்றான். வேதகிரி திருப்தியாகத் தலையாட்டினார். அவர் வலது கை ராகத்தை வாசிக்க, இடது கை கீழ் சுரக் கட்டைகளில் ‘பொம் பொம்’ என்று அழுத்திக்கொண்டிருந்தது. நான் மரக்காஸ் குலுக்கினேன். பாட்டில் ஒரு பிழையும் இல்லை. சாமியைத் தவிர யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, ஒரு பழைய மெலடி. முதல் சரணத்துக்கு முன்னால் இசை நீளமாகப் போய் முடியும், கஸ்தூரி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, பஸ் வருமா என்று ரோட்டைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேதகிரி கண்ணால் சைகை காட்டி இன்னொரு சுற்று சுற்றி வந்தார். மறுபடி எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவசரமாக எடுத்து, பாதி வார்த்தையில் சேர்ந்துகொண்டார். மேடையில் இத்தனை காலமாக அவர் இடம் தவறி நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, எங்க எடுக்கறதுன்னே தெரியல வெங்கடேசா, நந்தா கொண்டாந்து வுடுவான் இல்ல, இன்னிக்கி வுடல என்று முணுமுணுத்தார். சொன்ன பிறகு தானே அதை ஒரு கணம் யோசித்தார்.

மூன்றாவது, துள்ளல் பாட்டு. அதற்கு ஆடாமல் யாரும் இருந்ததில்லை. தானியேலின் கால், தானாகப் போகாததால், தானியேலே அதை ஓட்ட வேண்டியிருந்தது. வண்டி மேடேறுவது போல ஏறிற்று. முன் வரிசையில் ஒருவர் நாற்காலியைச் சமையல் பந்தல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரும் திருப்பினார். வரிசை வரிசையாக அது பரவியது. பாட்டு முடியும்போது நாங்கள் பாடியது பாதிப் பேரின் முதுகுக்கு. பின் வரிசையில் பெரியவர் ஒருவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். ஒருவர் எழுந்தால் போதும், தெரியுமல்லவா. சலசலவென்று ஒரு கூட்டம் சமையல் பந்தலை நோக்கி நகர்ந்தது.

அங்கே ராணியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார், கையில் பிரியாணி கிளறும் கரண்டி, துடுப்பு மாதிரி நீளம். வருகிறவர்களைத் தடுத்துக்கொண்டே மேடையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“யப்பா பாட்டுக்காரங்களே, கறி இன்னும் வேவல. போன மாசம் எங்கியோ வாசிச்சீங்களே, நான் அண்டாவ வுட்டுட்டு வந்து நின்னு கேட்டேனே, அத வாசிங்க. இதுக்கு ரேடியோவே தேவல.”

அந்தப் பக்கம் வீராசாமி இரு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். போனில் மாமன். இப்போதுதான் டயர் மாட்டுகிறார்களாம்.

வேதகிரி ராணியம்மாளைப் பார்த்தார், வீராசாமியைப் பார்த்தார், முதுகுகளைப் பார்த்தார். பிறகு நந்தகுமார் பக்கம் திரும்பாமலே, “வாசிடா,” என்றார்.

மூன்று பாட்டு அடைத்து வைத்த தண்ணீர். மதகைத் தூக்கினால் எப்படி வரும்? அடுத்த பாட்டில் பையன் எங்கும் நிற்கவில்லை. கஸ்தூரி பாடும் வார்த்தைக்கு மேலே ஏறினான், குறுக்கே ஓடினான், அவர் இழுக்கிற இடத்தில் இவன் உருட்டினான். நாற்காலிகள் திரும்பின, உண்மைதான். ஆனால் ஜனங்கள் பாட்டு கேட்கிற முகத்தோடு இல்லை, சண்டை பார்க்கிற முகத்தோடு இருந்தார்கள். வேதகிரி சொன்ன குற்றம் அத்தனையும் அந்த இரண்டு நிமிடத்தில் நிஜமாயிற்று. என் கை சட்டைப் பைக்குப் போனது.

கஸ்தூரி பல்லவியின் நடுவில் பாட்டை நிறுத்தினார். மைக் வாயருகேதான் இருந்தது.

“நந்தா. நான் சொல்லி முடிச்சுட்டுத் தரேன், அப்புறம் நீ பேசு.”

ஊரே சிரித்தது. எழுந்து போனவர்கள் என்ன சிரிப்பு என்று திரும்பி வந்தார்கள். நந்தகுமார் காது வரை சிவந்து, கம்பியெல்லாம் கையால் அமுக்கி, தலையாட்டினான். கஸ்தூரி முதலிலிருந்து எடுத்தார்.

அப்போது வேதகிரியின் செல்போன் அடித்தது. மாமன் எங்கே வருகிறார் என்று சொல்ல வீராசாமி வீட்டு ஆள் அடிக்கிறார்; எடுக்காமல் இருக்க முடியாது. இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து போனைக் காதில் வைத்தார். வலது கை வாசித்துக்கொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. மேடையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. கீழே அதுவரை பொம் பொம் என்று அப்பிக்கிடந்தது போய்விட்டது. இத்தனை நாளும் ஒரே அறையில் இரண்டு பேர் கட்டில் போட்டிருக்கிறார்கள், வேதகிரியின் இடது கையும் நந்தகுமாரும். ஒருவர் எழுந்துபோனதும் மற்றவன் புரண்டு படுக்க இடம் கிடைத்தது. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, உருண்டையாக, வயிற்றில் வந்து விழுந்தது.

வேதகிரிக்கும் அது கேட்டது. போன் காதில் இருக்க, எதிர்முனையில் ஆள் ஹலோ ஹலோ என்று கத்த, அவர் நந்தகுமாரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி பாடும்போது விரல் கீழ்க் கம்பியில், வாசலில் செருப்பு விட்டுவிட்டு நிற்கிறவன் போல அடக்கமாக நின்றது. கஸ்தூரி மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குள் ஒரு ஓட்டம், மேலே போய், திரும்பி, படியிறங்கி, அவர் அடுத்த வார்த்தைக்கு வாயெடுக்கும் இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மறுபடி மூச்சு. மறுபடி ஓட்டம், வேறு வழியாக. பாடும்போது கேட்கவில்லை என்று கஸ்தூரி சொன்னது இதைத்தான். அவர் பாடும்போது அவன் அங்கே இல்லை. அவர் இல்லாத இடத்தில்தான் அத்தனை கூத்தும்.

வேதகிரி போனை அணைத்தார். இடது கையைக் கீபோர்டு மேல் கொண்டுவந்தார். அது அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை எனக்கு வரிசையாக எழுதத் தெரியவில்லை. தானியேலின் கால் திரும்பித் தானாகப் போகத் தொடங்கியது. அவன் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மரக்காஸ் என் கையை ஆட்டியது. முன் வரிசைக்காரர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார், அதில் உட்காரக் கூடாது என்று யாரோ சொன்ன மாதிரி. வேட்டியை உதறி எழுந்த பெரியவர் பந்திக்குப் போகவில்லை, அதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றினார். ராணியம்மாள் கரண்டியோடு வந்து நின்று தலையை ஆட்டினார், அண்டா ஞாபகம் வந்து ஓடினார், மறுபடி வந்தார். கஸ்தூரி வேண்டுமென்றே மூச்சை நீட்டி நிறுத்தினார், எவ்வளவு தூரம் போவாய் பார்க்கலாம் என்று. நந்தகுமார் போனான், போனான், ஊர் எல்லை வரைக்கும் போனான், இனி வரமாட்டான் என்று எல்லோரும் வாய் பிளக்கும்போது சரியாக அவர் உதடு திறக்கிற இடத்தில் வந்து நின்றான். கஸ்தூரி சிரித்துக்கொண்டே பாடினார். சிரிப்பும் சுருதியில்தான் இருந்தது.

மாமன் சுப்பிரமணி வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை நன்றாகத் தாண்டிவிட்டது. சீர்த்தட்டுகளோடு பந்தலில் நுழைந்தவர் அப்படியே நின்றார். எதிரே ஒரு இலை விழவில்லை. ஒரு ஜனம் சாப்பிடவில்லை. ஊர் மொத்தமும் பசியோடு தனக்காகக் காத்திருப்பதாக அவர் நினைத்தார். கண் கலங்கி வீராசாமியைக் கட்டிக்கொண்டார். வீராசாமி மறுத்துச் சொல்ல அவசியம் எதுவும் இல்லாததால் தானும் கலங்கினார். மாமனோடு வந்த பேண்டுக்காரர்கள் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, தங்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஆடப் போனார்கள்.

காது குத்தியாயிற்று. பந்தி போட்டாயிற்று. எங்கள் இலைகள் மேடைக்கே வந்தன. ராணியம்மாள் தானே கொண்டுவந்து, நல்லி எலும்பாகப் பார்த்து நந்தகுமார் இலையில் வைத்தார்.

“நீ இன்னா பண்ணியோ எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா கறி வெந்துட்ச்சு.”

நந்தகுமார் சாப்பிட்ட பிறகு ஒயர் சுற்றப் போனான். சுற்றும்போதும் என் சட்டைப் பையைத்தான் பார்த்தான். விதிப்படி அவன் ஒன்றுக்கு மேல் தட்டியாயிற்று. எத்தனை என்று கடவுளுக்கே தெரியாது. வேதகிரி என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, அந்தக் கடிதம் எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன். உறையிலிருந்து உருவிப் படித்தார். நல்லா எழுதியிருக்க என்றார். நாலாகக் கிழித்து ரசம் சிந்திய இடத்தில் போட்டார். வேறு எழுது என்றார்.

கைவசம் வெள்ளைத் தாள் வைத்திருந்தேன். ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்து எழுதினேன். அவர் சொன்னதை எழுத்து நடையில் ஆக்கியது மட்டும் நான். நந்தகுமார் அவர்கள் குழுவில் தொடர்கிறார். பாடகி பாடும்போது கீழே நிற்கவும். மூச்சு வாங்கும்போது எங்கு வேண்டுமானாலும் போய்வரவும். அவர் மறுபடி வாயெடுக்கும் முன் வீடு வந்து சேரவும். கடைசியில் வேதகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, என் லெஃப்ட் ஹேண்டு இனிமே கீழ்ப்பக்கம் வராதுன்னு ஒரு வரி சேத்துக்க என்றார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார். தபால் தலை வீணாகக் கூடாதென்று அதே உறைதான். ஒட்டப் பசை இல்லை. என் இலையில் ரசத்துக்கு வாங்கிய வெறுஞ்சோறு மிச்சமிருந்தது, நாலு பருக்கையை நசுக்கித் தடவி, மரக்காஸால் அழுத்தி ஒட்டினேன்.

குட்டியானை உத்திரமேரூர் வந்து தபாலாபீஸ் ஓரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கதவு சாத்தியிருந்தது, வெளியே சிவப்புப் பெட்டி. நந்தகுமார் எனக்கு முன்னால் குதித்து இறங்கிக் கையை நீட்டினான். அவன் பேர் போட்ட கடிதம், அவன் எதிரிலேயே இருக்கிறான், கொடுத்தால் என்ன என்பது அவன் வாதம். தபாலில்தான் வர வேண்டும் என்பது விதி. நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லு செக்ரட்டரி என்றான். வண்டிக்குள்ளிருந்து கஸ்தூரி சிரிக்கிற சத்தம் கேட்டது. வேதகிரி முன்சீட்டில் இடது கையை இன்னும் பாக்கெட்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நந்தகுமார் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் வற்புறுத்தவில்லை.

நானே போடறேன், அதுக்காவது விதி இருக்கா என்றான். இல்லை. கொடுத்தேன்.

உறையைத் திருப்பித் தன் பெயரைப் படித்தான், ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்தினான், பெட்டி வாயில் வைத்து விட்டான். உள்ளே காலி போலிருக்கிறது. தொப்பென்று விழுந்தது. அவன் பெட்டியில் காதை வைத்து, அடுத்த சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“சுத்துக்கு ஒரே தட்டு, அண்ணா,” என்றான் முன்சீட்டைப் பார்த்து.